ஓடைத் தண்ணீரை வடிகட்டி நிலத்துக்குள் விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "காட்டுல தண்ணி ஓடுது, போருக்குள்ள விடலாமுங்களா?" என்றுதான் பேச்சே தொடங்கும். பல்லடம் பக்கம் எனக்குக் கொஞ்சம் காடு (எங்கள் பக்கம் விளைநிலத்தைத்தான் காடு என்போம்), ஒரு கிணறு, ரெண்டு போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது, அதில் ஒரு போரை நானே கெடுத்துக்கொண்டவன் என்பதால்தான் என்னைக் கேட்கிறார்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். இதில் பேசுவது காட்டிலும் பள்ளத்திலும் (ஓடையிலும்) ஓடி வருகிற தண்ணீரைப் பற்றி. கூரைத் தண்ணீர் சுலபமான விஷயம், அது போகிற போக்கில் வரும்.

1. மழைத்தண்ணி தானுங்க, அதுல வடிகட்ட என்ன இருக்கு?

வானத்திலிருந்து விழும்போது ஒன்றும் இல்லை. தரையில் பத்தடி ஓடியதும் மண், சாணி, சருகு, பிளாஸ்டிக், நேற்று போட்ட யூரியா எல்லாம் அதோடு சேர்ந்துவிடும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் பார்த்துப் பழகியது கூரைத் தண்ணீரை. அதில் இலையும் தூசியும்தான் இருக்கும், ஒரு வலையும் கொஞ்சம் ஜல்லியும் போதும். அதே ஜல்லித் தொட்டியைக் காட்டுத் தண்ணீருக்கும் வைத்தால் தாங்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஒரு லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு ஓடி வந்தாலும் 25,000 லிட்டர். கலங்கல் லிட்டருக்கு வெறும் 2 கிராம் என்று வையுங்கள், அந்த ஒரே மழையில் 50 கிலோ மண் வந்து சேரும். இப்படிப் பத்து மழை பெய்தால் அரை டன். ஆறரை இன்ச் போருக்குள் அரை டன் மண் இறங்கினால் அடியிலிருந்து சுமார் 60 அடி மூடிப்போகும். இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, 9-ஆம் கேள்வியில் என் போரின் கதை இருக்கிறது.

2. மண்ணே இயற்கையான வடிகட்டிதானே? அப்புறம் தனியா எதுக்கு?

சரிதான், தண்ணீர் மண் வழியாக இறங்கினால். குட்டையில் தேங்கி, பத்து இருபது அடி மண்ணையும் சுக்கான் பாறையையும் கடந்து மெல்லக் கீழே போகிற தண்ணீர் வழியிலேயே கலங்கலை விட்டுவிடும், கிருமியில் பெரும்பகுதியையும் விட்டுவிடும். நீங்கள் போருக்குள் குழாய் வைத்து விடும்போது அந்த மண் அடுக்கைத் தாண்டிக் குதிக்கிறீர்கள். மண் செய்ய வேண்டிய வேலையை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

நம் பக்கத்துப் போரில் கேசிங் (துளை இடியாமல் இறக்கும் குழாய்) பாறை வரும் வரைதான். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. தண்ணீர் இருப்பது பாறையில் ஓடுகிற வெடிப்புகளில். சில வெடிப்பு விரல் தடிமன் இருக்கும், பலது நகக்கண் அளவுகூட இருக்காது. தமிழ்நாட்டில் முக்கால்வாசி நிலம் இப்படிக் கடினப்பாறைதான். அந்த வெடிப்புக்குள் களி போய் உட்கார்ந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு. கம்ப்ரசர் வைத்து ஊதினால் துளையில் இருக்கிற சேறு வரும், வெடிப்பில் நாலடி உள்ளே போனது வராது.

அதனால் என் வரிசை இதுதான்: குட்டைக்கு இடம் இருந்தால் குட்டை, இல்லையென்றால் திறந்த கிணறு, கடைசியாகத்தான் போர். கிணற்றில் சேறு சேர்ந்தால் ஆளை இறக்கித் தூர் வாரலாம். போரில் யாரை இறக்குவது?

3. அப்போ ஒரு குட்டை வெட்டிட்டு சும்மா இருந்துடலாமே?

செம்மண்ணாக, சரளையாக இருந்தால் தாராளமாக. அதுதான் செலவு குறைந்த வழி. கரிசல் காட்டில் வெட்டினால் தண்ணீர் நிற்கும், இறங்காது. நின்ற தண்ணீரை வெயில் குடித்துவிடும்.

செம்மண் குட்டையிலும் ரெண்டு வருஷத்தில் இறங்குகிற வேகம் குறையும். மாசியில் தண்ணீர் வற்றிய குட்டைக்குள் இறங்கிப் பாருங்கள். அடியில் படிந்த களி காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருக்கும். ஒரு துண்டைக் கையில் எடுத்து உடைத்தால் குறுக்கே கோடுகள் தெரியும், மேல்பக்கம் வழவழப்பான மாவு, கீழே கொஞ்சம் சொரசொரப்பு, அப்புறம் மறுபடியும் மாவு. ஒவ்வொரு கோடும் ஒரு மழை. கால் இன்ச் கூட இல்லாத அந்த ஏடுதான் குட்டை முழுவதையும் அடைத்து வைத்திருப்பது, அதற்கு அடியில் மண் இன்னும் சரளையாகத்தான் இருக்கும். காய்ந்திருக்கும்போதே சுரண்டி எடுத்துக் காட்டுக்குப் போட்டுவிடுங்கள், நல்ல வண்டல். ஜேசிபி விட்டு மூன்றடி தோண்ட வேண்டியதே இல்லை, ஆனால் ஏனோ நம் ஆட்களுக்கு ஜேசிபி வந்தால்தான் வேலை நடந்த மாதிரி இருக்கும்.

4. தெளிய வெச்சு விடுங்கன்னு சொல்றீங்க, எத்தனை நேரம் தெளிய வைக்கணும்?

அது உங்கள் மண்ணைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் நைஸ் மணல் ரெண்டு நிமிஷத்தில் அடிக்குப் போய்விடும். நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வண்டலுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கே இருக்கும் களித்துகளுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல். அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேரம் நூறு மடங்கு ஆகிறது, அதனால்தான் சில தண்ணீர் சாயங்காலமே தெளிந்துவிடுகிறது, சிலது ஒரு வாரம் ஆனாலும் டீ மாதிரியே நிற்கிறது.

தண்ணீர் ஓடும்போதே ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வையுங்கள், ஆட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, மூன்று மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் என்று மூன்று தடவை பார்த்து, அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது, மேலே எவ்வளவு கலங்கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரிந்தால் உங்களுக்கு ஒரு ராத்திரி தெளிய வைக்கிற குட்டை போதும். தெரியாவிட்டால் போர் ரீசார்ஜ், அதாவது போருக்குள் தண்ணீர் விடுவது, உங்கள் காட்டுக்கு ஒத்துவராது, 3-ஆம் கேள்விக்கே திரும்பிப் போங்கள். எத்தனையோ பேர் லட்சக்கணக்கில் செலவு பண்ணுகிறார்கள், இந்தப் பாட்டிலைப் பிடித்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

5. படிகாரம் கலக்கலாமா? எங்க அம்மா தேத்தாங்கொட்டை உரசுவாங்க, அதைப் போட்டா?

ரெண்டும் வேலை செய்யும். களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, படிகாரம் அவற்றைத் திரட்டிக் கட்டியாக்கி அடியில் உட்கார வைக்கிறது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசினால் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் பானை வேறு, குட்டை வேறு. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றாலும் 25,000 லிட்டருக்கு முக்கால் கிலோ படிகாரம் வேண்டும். விலை பெரிய விஷயம் இல்லை, அத்தனை தண்ணீரிலும் சீராகக் கலந்துவிடுவதுதான் கஷ்டம். அப்படியே திரண்டாலும், திரண்ட சேறு பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், கொஞ்சம் கவனம் தப்பினால் அதுவே வடிகட்டிக்குள் போய் அடைக்கும்.

காட்டுக்கு நான் சொல்வது புல். தண்ணீர் குட்டைக்குள் நுழைகிற வழியில் இருபது முப்பது அடி அகலத்துக்குப் புல்லை விட்டு வையுங்கள். கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல், அருகு, வெட்டிவேர் எது இருந்தாலும் சரி. தண்ணீர் புல்லுக்குள் நுழைந்ததும் வேகம் குறையும், வேகம் குறைந்தால் மண்ணை அங்கேயே போட்டுவிடும். மாட்டுக்கும் ஆச்சு. ஒன்று மட்டும், தண்ணீர் பரவலாக வர வேண்டும். ஒரே வாய்க்காலாக ஓடினால் புல்லைச் சாய்த்துக்கொண்டு போய்விடும்.

6. வடிகட்டிக் குழியில எதை மேல போடணும், எதை அடியில போடணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அடியில் பெரிய கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கையேடுகளில் உள்ள அளவு: அடியில் 5 முதல் 20 சென்டிமீட்டர் கல், நடுவில் 5 முதல் 10 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் பருமணல். கடைக்காரரிடம் கேட்கும்போது நடு அடுக்குக்குச் சிப்ஸ் ஜல்லி என்றால் புரிந்துகொள்வார்.

பார்க்க அழகாக இருக்கிறது என்று கல்லை மேலே போடுகிறவர்கள் நிறைய. அப்படிப் போட்டால் கலங்கல் கல் இடுக்கெல்லாம் தாண்டி நடுவிலேயும் அடியிலேயும் போய் உட்காரும், சுத்தம் பண்ண முழுக் குழியையும் காலி செய்ய வேண்டும். மணல் மேலே இருந்தால் அழுக்கு மேல் ஒன்று ரெண்டு இன்ச்சிலேயே நின்றுவிடும், மண்வெட்டியால் வழித்துப் போட்டுப் புது மணல் போடலாம். மணலை மேலே வைப்பதன் முழுக் காரணமும் இதுதான், சுலபமாக வழித்தெடுக்க.

எம்-சாண்ட் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போடலாம், கழுவிவிட்டு. கிரஷர் தூளோடு போட்டால் வடிகட்டியே கலங்கல் விடும். ஜல்லியும் அப்படித்தான், தொட்டியில் கொட்டி ஹோஸ் அடித்தால் சிமெண்ட் பால் மாதிரி ஓடும், அது தெளிவாக ஓடுகிற வரைக்கும் அடியுங்கள். அப்புறம், தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் ஒரு பலகைக்கல்லைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மணலில் பள்ளம் பறித்து நேரே ஜல்லிக்குப் போய்விடும்.

7. கரி போடணும்னு சொல்றாங்களே?

வேண்டாம். கரி வாசனையையும் சில ரசாயனங்களையும் கொஞ்ச நாள் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதன் சக்தி தீர்ந்துவிடும், கலங்கல் தண்ணீரில் அதற்கு முன்பே மண் மூடிவிடும். அடுப்புக்கரியைக் கொட்டினால் பாதி மிதக்கும்.

8. குழி எவ்வளவு பெருசா இருக்கணும்? பத்துக்குப் பத்து போதுமா?

மணலின் வேகத்தைப் பார்க்க வேண்டும். குடிநீருக்கு நைஸ் மணலில் மெதுவாக வடிகட்டும் பழைய முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 100 முதல் 200 லிட்டர்தான் விடுவார்கள். பத்துக்குப் பத்து அடிக் குழி ஒன்பது சதுர மீட்டர் சொச்சம், அதிக வேகம் வைத்தாலும் மணிக்கு 1,800 லிட்டர். நம் 25,000 லிட்டர் இறங்கப் பதினாலு மணி நேரம் ஆகும். மழை ஒரு மணி நேரத்தில் பெய்து ஓய்ந்துவிடும்.

பருமணலில் இதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும், ஆனால் களி அதில் நிற்காது, தண்ணீரோடு உள்ளே போகும். அதனால் குழியைப் பெரிதாக்குவதை விட, குழிக்கு முன்னால் தண்ணீர் காத்திருக்க ஒரு குட்டை வையுங்கள். ஓடி வருவதெல்லாம் குட்டைக்கு, மறுநாள் தெளிந்தது மட்டும் குழிக்கு. குட்டையிலிருந்து எடுக்கும்போது அடியில் குழாய் வைக்காதீர்கள். வளையும் ஹோஸ் ஒன்றைக் காலி இருபது லிட்டர் கேனில் கட்டி மிதக்க விடுங்கள், ஹோஸின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு அரையடி கீழே இருக்கட்டும். எப்போதும் மேல் தண்ணீர்தான் வரும், மட்டம் இறங்கினால் கேனும் இறங்கும்.

9. போர் கேசிங்கைச் சுத்தி குழி தோண்டி, கேசிங்லயே ஓட்டை போட்டு, வலை சுத்தி ஜல்லி நிரப்புறாங்களே, அது எப்படி?

கர்நாடகத்திலும் இங்கேயும் நிறையப் பேர் செய்கிறார்கள், சிலருக்கு நன்றாகவும் போகிறது. நான் செய்ததும் அதேதான். கேசிங்கைச் சுற்றிப் பத்தடிக் குழி, கீழ் ரெண்டு மூன்றடிக்குத் துளை, நைலான் வலை, கல், ஜல்லி, மேலே மணல். செய்து கொடுத்தவர் பள்ளத்துத் தண்ணீரை நேரே குழிக்குத் திருப்பிவிட்டார், நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். முதல் வருஷம் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ரெண்டாம் வருஷம் குழியில் நாலு நாள் தண்ணீர் நின்றது. தை மாசம் மோட்டார் போட்டால் செம்மண் கலரில் வந்தது, அப்புறம் மோட்டாரே நின்றது. கழற்றி ஏற்றினால் கீழ்ப்பகுதி முழுக்கச் சேறு அப்பியிருந்தது. 780 அடி போர், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் 690 அடியில் தட்டியது. 1-ஆம் கேள்வியில் போட்ட கணக்கை நான் அதற்கப்புறம்தான் போட்டேன்.

முறையில் இருக்கிற சிக்கல் ரெண்டு. துளை மண்ணுக்கு அடியில் இருக்கிறது, என்ன போகிறது என்று பார்க்க முடியாது, நிறுத்தவும் முடியாது. வலை கிழிந்தாலும் தெரியாது. இப்போது நான் செய்வது: வடிகட்டித் தொட்டி போரிலிருந்து தள்ளி இருக்கும், அதன் அடியிலிருந்து ஒரு பிவிசி குழாய் வந்து தரைக்கு மேல் கேசிங்கில் சேரும். தொட்டியின் அடி கேசிங் வாயை விட உயரத்தில் இருக்க வேண்டும், சரிவான காட்டில் இது கஷ்டமே இல்லை. நடுவில் ஒரு கேட் வால்வு, வால்வுக்கு முன்னால் ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) வைத்துச் சின்னக் குழாய். அந்தச் சின்னக் குழாயில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறப்பேன். கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. போரில் மோட்டார் இருந்தாலும் இப்படி விடலாம், விடுகிற அன்றைக்கு மோட்டார் போடக் கூடாது.

10. முதல் மழைத் தண்ணியை விடக்கூடாதுன்னு ஏன் சொல்றாங்க?

ஆறு மாசம் காய்ந்த காட்டில் கிடந்த சாணி, புழுக்கை, உரம், மருந்து, ரோட்டு ஆயில் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருவது அதுதான். கலங்கலும் அதில்தான் அதிகம், ஏனென்றால் மண்ணைப் பிடித்து வைக்கப் புல் இன்னும் முளைத்திருக்காது. கூரையாக இருந்தால் முதல் ஒன்று ரெண்டு மில்லிமீட்டர் மழையைத் தள்ளிவிட்டால் போதும். காட்டுக்கு நான் முதல் ரெண்டு பெரிய மழையைக் குட்டையோடு நிறுத்திவிடுவேன், போர் வால்வைத் தொட மாட்டேன். நம் பக்கம் வருஷ மழையே 600, 700 மில்லிமீட்டர்தான், அதில் ரெண்டு மழையை விடுவது வயிற்றெரிச்சல்தான், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கேயும் போகவில்லை, குட்டை வழியாக மெல்ல இறங்கும்.

11. தெளிஞ்சுது, மணல்லயும் இறங்குச்சு. இனி கிருமி இருக்காது தானுங்க?

இருக்கும். மணல் கிருமியைக் கொல்வதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். 1892-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் ஊரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள், ஒட்டியிருந்த அல்டோனாவில் அப்படி இல்லை. ரெண்டு ஊருக்கும் எல்பே ஆறுதான், அதுவும் அல்டோனா ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு எடுத்த தண்ணீர், ஆனால் அதை மணலில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தார்கள். அந்த மணலின் மேல் ஒரு வழவழப்பான உயிர்ப்படலம் உண்டாகும், கிருமியைத் தின்பது அதுதான். அது உருவாகச் சில வாரம் ஆகும், மணல் மேல் எப்போதும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். நம் குழி வருஷத்தில் இருபது நாள் நனைந்து மீதி நாள் காய்கிறது, அங்கே எந்தப் படலமும் வராது.

அதனால் கழிவறைத் தொட்டி, மாட்டுக் கொட்டகை, கோழிப்பண்ணை வழியாக வருகிற தண்ணீரைப் போர்ப் பக்கமே விடாதீர்கள். அந்தப் போரிலிருந்து யாராவது குடிக்கிறார்கள் என்றால் காய்ச்சியோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 1957 முதல் ரைன் ஆற்றுத் தண்ணீரைக் கடலோர மணல்மேட்டில் இறக்கி, மறுபடி எடுத்துக் குடிக்கிறார்கள். அவர்கள் தெளிய வைத்து, மணலில் வேகமாக வடிகட்டி, அதற்கப்புறம்தான் மணல்மேட்டுக்கு விடுகிறார்கள், அங்கே அது மாசக்கணக்கில் மணலுக்குள் பயணம் செய்கிறது, வெளியே எடுத்தபின் மறுபடியும் சுத்திகரிப்பு இருக்கிறது. நாம் ஒரு குழி ஜல்லியை வைத்துக்கொண்டு அதே நம்பிக்கையில் இருக்கக் கூடாது.

12. எங்க பள்ளத்துல சாயத்தண்ணி வாடை வருது. வடிகட்டி போட்டா சரியாயிடுமா?

ஆகாது. கரைந்திருக்கிற உப்பு, நைட்ரேட், சாயம் எதுவும் மணலில் நிற்காது. சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் இனிப்பு போகுமா? நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் என்ன ஆயின என்று அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. நிலத்துக்கு மேல் ஓடுகிற அழுக்கு ஒரு வெள்ளத்தில் கழுவிப் போகும், பாறை வெடிப்பில் இறங்கியது நம் காலத்தில் போகாது.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளத்துத் தண்ணீரையும் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் அளந்து பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம், நைட்ரேட்டுக்கு 45. பள்ளத்துத் தண்ணீர் உங்கள் கிணற்றை விட உப்பாக இருந்தால் விடவே விடாதீர்கள். குறைவாக இருந்தாலும் நிறமோ வாடையோ இருந்தால் அதே பதில்தான், மீட்டருக்கு உப்பு தெரியும், விஷம் தெரியாது.

13. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கேன், ஆனா வருஷா வருஷம் உள்ள இறங்குற வேகம் குறையுது. எங்க அடைக்குது?

முதலில் மணலின் மேல்பகுதியைப் பாருங்கள், பத்தில் ஒன்பது தடவை அங்கேதான். 3-ஆம் கேள்வியில் சொன்ன அதே அப்பள ஏடு இங்கேயும் இருக்கும். வழித்தெடுங்கள். உத்தரப்பிரதேசத்தில் ராம்பூர் மாவட்டம் ஜிவாய் ஜதீத் கிராமத்தில் 2015-இல் ஊர்க் குளத்துக்குள் பத்து ரீசார்ஜ் கிணறுகள் போட்டு, கால்வாயில் வரும் மழைக்கால வெள்ளத்தை இறக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் பருவம் போகப் போக வேகம் குறைந்தது, ஒவ்வொரு வருஷமும் குளத்து வண்டலையும் ஜல்லியையும் சுத்தம் செய்யவேண்டி வந்தது. வண்டல் வெள்ளம் இருக்கிற இடத்தில் சுத்தம் பண்ணாத வடிகட்டி என்று ஒன்று கிடையாது.

மேலே சுத்தமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் காற்றாக இருக்கலாம். குழாயிலிருந்து நூறு இருநூறு அடி கீழே தண்ணீர் கொட்டினால் குமிழ்களை இழுத்துக்கொண்டு போகும், அவை வெடிப்பில் மாட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். முடிந்தால் குழாயின் நுனியைப் போரின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரை இறக்குங்கள், முடியாவிட்டால் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து மெதுவாக விடுங்கள். கிருமிகள் உண்டாக்கும் வழுக்கலும், இரும்புச்சத்து துருவாகப் படிவதும் அடைப்புக்குக் காரணமாகும். ரெண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: ரீசார்ஜ் முடிந்ததும் மோட்டாரை அரை நாள் ஓட்டி, வருகிற தண்ணீர் தெளியும் வரை இறைத்து வெளியே விடுங்கள். விட்ட தண்ணீரை வெளியே எடுக்க மனசு வராதுதான்.

14. காஞ்சு போன போர் ஒண்ணு சும்மா கிடக்கு, அதுல விடலாமா?

விடலாம், ஓடுகிற போரில் சோதனை செய்வதைவிட அது மேல். ஆனால் அது குடிக்குமா என்று முதலில் பாருங்கள். ஒரு டேங்கர் நல்ல தண்ணீரை விட்டு, மட்டம் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று கயிறு போட்டுப் பாருங்கள். மறுநாளும் அதே மட்டத்தில் நின்றால் அந்தத் துளையில் வெடிப்பே இல்லை, அதற்கு வடிகட்டி கட்டுவது வீண் செலவு. காய்ந்த போர்தானே என்று கலங்கலாக விடவும் கூடாது, பக்கத்திலிருக்கும் உங்கள் நல்ல போருக்கும் அதே வெடிப்புதான் போகும்.

எது செய்தாலும் வாயை மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ரெண்டு வயசுக் குழந்தை போனது கைவிட்ட போரில்தான். பலகையோ சாக்கோ வைத்து மூடுவதெல்லாம் மூடுவது ஆகாது. கேசிங் மேல் நட்டு போட்டு முறுக்குகிற இரும்பு மூடி, அதில் உங்கள் குழாய் நுழைய ஓட்டை, அவ்வளவுதான். வடிகட்டித் தொட்டிக்கும் கம்பி வலை போடுங்கள்.

15. நான் செலவு பண்ணி விட்ட தண்ணி பக்கத்துக் காட்டுக்காரன் போருக்குப் போயிட்டா என்னங்க பண்றது?

போகும். பாறை வெடிப்புக்கு உங்கள் வரப்பு தெரியாது. கடினப்பாறையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தேங்காயை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நான் விட்ட தண்ணீருக்கு என் போரில் மட்டம் ஏறவே இல்லை, கிழக்கே ரெண்டு காடு தள்ளி ஒருத்தர் கிணற்றில் ஏறியது. அவர் வந்து சொல்லவில்லை, நானே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அவரிடம் போய்ப் பேசினேன், "அண்ணா, தண்ணி உங்க கிணத்துல ஏறுது, மணல் வழிக்கிற கூலியாவது குடுங்க" என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கூலி வேண்டாம், மணல் வழிக்க ஆளாக நானே வருகிறேன் என்றார். இப்போது குட்டை அவர் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவில் இருக்கிறது, மேட்டில் இருந்து தண்ணீர் வருவது ரெண்டு பேர் காட்டிலிருந்தும்தான். கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்ததும் ஒரு தடவை அவர் எட்டிப் பார்த்து எனக்குப் போன் பண்ணுவார். போன வருஷம் எண்ணிச் சொன்னது பதினோரு கோடு.